மேகமாக நிற்கும் உடல்: மெய்நிகர் உலக ஆய்வுகள் காண மறுக்கும் அன்றாடம்

2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் நிறுவனப் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டதிலிருந்து, இந்தியக் கல்விப்புலத்தில் மெய்நிகர் உலகம் பற்றிய கட்டுரைகளுக்குக் குறைவில்லை. கருத்தரங்க அழைப்பிதழ்களிலும் ஆய்வுச் சுருக்கங்களிலும் அச்சொல் தவறாமல் வந்து அமர்கிறது. இவற்றில் பெரும்பாலானவை மூன்று கருத்துகளைச் சுற்றியே நகர்கின்றன: உடலின்மை, எல்லையின்மை, தப்பித்தல். மனிதர் தம் உடலைக் களைந்து, புவியியல் எல்லைகளைக் கடந்து, அன்றாடத்தின் சலிப்பிலிருந்து விடுபடும் வெளி அது என்று எழுதப்படுகிறது, உரிய மேற்கோள்கள் இணைக்கப்படுகின்றன, பட்டமும் வழங்கப்படுகிறது. எழுதியவர் அந்த வெளியில் தொடர்ந்து ஒரு வாரம் குடியிருந்தாரா என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. குடியிருந்தவர்களுக்கு இம்மூன்றும் முதல் மாலையிலேயே பொய்த்துப்போயிருக்கும்.

செகண்ட் லைஃப் என்னும் உலகையே எடுத்துக்கொள்ளலாம். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட அந்த உலகம், இருபது ஆண்டுகளைத் தாண்டியும் இயங்கிவருகிறது. வெல்ல வேண்டிய எதிரியோ எட்ட வேண்டிய இலக்கோ அங்கு இல்லை. நிலம், வீடு, உடை, நடை, தலைமுடி என ஏறத்தாழ எல்லாவற்றையும் அங்கு வசிப்போரே உருவாக்குகின்றனர், விற்கின்றனர், பழுதுபார்க்கின்றனர். ‘மெட்டாவர்ஸ்’ என்று புதிதாகப் பேசப்படும் பலவற்றுக்கும் நீண்ட முன்வரலாறு உள்ள இடம் அது. ஆகவே ஆய்வாளர்கள் அதைக் குறிப்பிடத் தவறுவதில்லை. ஒரு பத்தியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து செல்வதுதான் சிக்கல்.

முதலில் உடலின்மை. அவ்வுலகில் நுழைந்த ஒருவருக்குத் தம் உடல் வந்துசேரக் காத்திருக்க வேண்டியதாகிறது. தோல், உடை, உருவம் ஆகியவற்றின் தரவுகள் முழுமையாக இறங்கும் வரை அவர் பிறர் கண்ணுக்குப் புகைமேகமாகவே தெரிகிறார். சில நாள்களில் மேகம் கலைவதே இல்லை. சில நாள்களில் உடல் வந்தாலும் சாம்பல் நிறத்தில் நிற்கும், அல்லது உரிமையாளரின் திரையில் உடுத்தியிருப்பவர் பிறரின் திரையில் ஆடையின்றி நிற்பார். அவ்வேளையில் அருகிலிருப்பவர் ‘ரீபேக்’ செய்யுங்கள் என்பார். கன்ட்ரோல், ஆல்ட், ஆர் விசைகளை ஒருசேர அழுத்தித் தோற்றத்தை மறுபடி ‘வேகவைக்கும்’ செயல் அது. அதற்கும் மசியாவிட்டால் வேறு தலைமுடியை அணிந்து கழற்றுவது, ஆளில்லாத பகுதிக்குச் சென்று திரும்புவது, வெளியேறி மீண்டும் நுழைவது என்று ஒரு கைவைத்திய வரிசையே உண்டு. புதியவருக்குப் பழையவர் சொல்லித்தரும் முதல் அறிவு பெரும்பாலும் இதுவே.

மேகம் என்ற ஏற்பாடு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் நிலைமை இன்னும் சுவையானது. தரவு இறங்காத உடல், மென்பொருளின் இயல்புநிலை உடலாகத் தோன்றும். அது ஒரு பெண்ணுடல். அதற்கு ரூத் என்ற பெயரை வழங்கி, அந்நிலைக்கு ஆளாவதை வினைச்சொல்லாகவும் ஆக்கிக்கொண்டனர் வசிப்போர். தாடி மீசையுடன் விருந்துக்கு வந்த ஆண், பிறர் பார்வையில் சில நிமிடங்கள் ரூத்தாக நிற்பார். பாலின அடையாளத்தின் நெகிழ்வு குறித்துப் பக்கம் பக்கமாக எழுதும் ஆய்வாளர்களுக்கு இதைவிட வளமான தரவு வேறென்ன வேண்டும்? எவரும் தேர்ந்தெடுக்காத பாலினமாற்றம். தனக்குத் தெரியாமல் பிறர் திரையில் மட்டும் நிகழும் உடல்மாற்றம். அதைச் சிரிப்பும் ஒரு சொல்லும் கொண்டு ஒரு சமூகம் எதிர்கொண்ட விதம். ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று பெயரிட்டு அடிக்குறிப்புக்குக்கூட அதை அனுப்பாமல் விடுவது கோட்பாட்டின் வறுமை.

எல்லையின்மையின் கதையும் அப்படியே. அவ்வுலகின் நிலம் 256 மீட்டர் நீளமும் 256 மீட்டர் அகலமும் கொண்ட ‘ரீஜன்’களாகக் கூறுபோடப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் சர்வரில் தனித்தனியாக இயங்கும் நிரல். அடுத்தடுத்த இரு பகுதிகளுக்கிடையே நடப்பவர், உண்மையில் ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்குக் கையளிக்கப்படுகிறார்; அவர் அணிந்திருப்பவை, அவற்றினுள் ஓடும் ஸ்கிரிப்டுகள், அவர் அமர்ந்திருக்கும் வாகனம் அனைத்தும் மூட்டை கட்டப்பட்டு அப்பால் அவிழ்க்கப்படுகின்றன. மூட்டை பெரிதானால் கையளிப்பு தடுமாறும். பிளேக் கடல் எனப்படும் விரிந்த நீர்ப்பரப்பில் பாய்மரப் படகு செலுத்துவோருக்கு இது தினசரி ஆபத்து: எல்லைக்கோட்டில் படகு ஒரு பக்கம் போகும், படகோட்டி மறுபக்கம் போவார், அல்லது இருவரும் எங்குமின்றி மறைந்து இணைப்பே அறுந்துவிடும். ஆகவே அனுபவமுள்ள படகோட்டிகள் புறப்படுமுன் தேவையற்ற அணிகலன்களைக் கழற்றிவிடுகின்றனர். எல்லைகள் சந்திக்கும் மூலைகளை விலக்கிச் செல்கின்றனர். ஓர் எல்லையைக் கடந்தவுடன் சற்றுப் பொறுத்தே திசை திருப்புகின்றனர். காற்றையும் நீரோட்டத்தையும் கற்ற மீனவரைப்போல் இவர்கள் சர்வரின் குணத்தைக் கற்றிருக்கின்றனர். எல்லையற்ற வெளி என்று இதை வருணிப்பவர், எல்லைகளால் மட்டுமே ஆன ஒரு நிலத்தைப் பார்க்காமலே பேசுகிறார்.

மூன்றாவதாகத் தப்பித்தல். அவ்வுலகின் சர்வர்கள் வாரந்தோறும் சுழற்சி முறையில் நிறுத்தித் தொடங்கப்படுகின்றன. வழக்கமாகச் செவ்வாயும் புதனும். ‘இப்பகுதி இன்னும் சில நிமிடங்களில் மறுதொடக்கம் செய்யப்படும்’ என்ற அறிவிப்பு வந்தவுடன் கச்சேரி நின்றுபோகும். கடையில் பொருள் வாங்கிக்கொண்டிருந்தவர் பணம் செலுத்தலாமா என்று தயங்குவார். எல்லோரும் அடுத்த பகுதிக்குத் தாவுவார்கள். அவ்வுலகின் அதிகாரபூர்வ கடிகாரம் அமெரிக்கப் பசிபிக் கரையோர நேரத்தில் ஓடுகிறது. கலிபோர்னியப் பொறியாளரின் அதிகாலைப் பராமரிப்பு, இந்தியாவில் வசிப்பவரின் மாலைப்பொழுதைத் தின்கிறது. சர்வர் இருப்பதும் அமெரிக்காவில். இங்கு விசையை அழுத்தியபின் அங்கு அது பதிவாகித் திரும்பும் வரையிலான இடைவெளி கண்ணால் உணரக்கூடியது. வியூவர் எனப்படும் நுழைமென்பொருளின் மொழிப் பட்டியலில் ஜப்பானியமும் துருக்கியமும் போலிஷும் உண்டு. இந்திய மொழி ஒன்றுகூட இல்லை. புவியியலிலிருந்து தப்பிச் சென்றவர் என்று கொண்டாடப்படுபவர், தம் இருப்பிடத்தின் விலையை ஒவ்வொரு அசைவிலும் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

இவையெல்லாம் பொறியியல் விவரங்கள், மானிடவியலுக்கும் இலக்கியக் கோட்பாட்டுக்கும் இவற்றால் ஆவதென்ன என்று கேட்கும் வழிகாட்டிகள் உள்ளனர். இக்கேள்விக்கு முறையியல் சார்ந்த விடையே முதலில் தரவேண்டியது. உரையாடற்பதிவைத் தரவாகக் கொள்ளும் ஆய்வாளர், ஒரு கேள்விக்கும் அதன் விடைக்கும் இடைப்பட்ட நீண்ட மௌனத்தைத் தயக்கம் என்று பொருள்கொள்கிறார். அது லேக் எனப்படும் இழுபறியாக இருக்கலாம். எதிரிலிருப்பவர் விசைப்பலகையை விட்டுச் சமையலறைக்குச் சென்றிருக்கலாம். மற்றொரு சான்று: பலரின் தன்விவரப் பக்கத்தில் ‘செய்தி அனுப்பாதீர், நோட்கார்டு அனுப்புங்கள்’ என்று எழுதியிருக்கும். இதை ஒரு சம்பிரதாயம் என்றோ இடைவெளி பேணும் பண்பாடு என்றோ விளக்குவது எளிது. உண்மைக் காரணம் எளிதினும் எளிது: ஒருவர் உள்ளே இல்லாதபோது அவருக்கு வரும் செய்திகள் குறிப்பிட்ட எண்ணிக்கையை மீறினால் எஞ்சியவை சேராமல் போய்விடும், வாடிக்கையாளரின் புகாரை இழக்க விரும்பாத கடைக்காரர் அவ்வாறு எழுதிவைக்கிறார். காரணம் தெரியாத ஆய்வாளர், மென்பொருளின் வரம்பைச் சமூகத்தின் விழுமியமாக எழுதிவிடுகிறார். இது விடுபடல் மட்டுமன்று, பிழை.

முன்னோடிகள் இதை அறியாதவர்களும் அல்லர். டாம் போல்ஸ்டார்ஃப் செகண்ட் லைஃபிலேயே ஈராண்டுக்கும் மேல் களப்பணி செய்து 2008இல் வெளியிட்ட நூலில் லேக் பற்றியும் விசைப்பலகையை விட்டகன்ற நிலை பற்றியும் தீவிரமாகவே எழுதியிருக்கிறார். காலமும் இடமும் அவ்வுலகில் எவ்வாறு கட்டமைகின்றன என்னும் அவரது வாதத்துக்கு அவை அடித்தளம். உள்கட்டமைப்பு தடைபடும்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது என்பதை சூசன் லீ ஸ்டார் 1999ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே நிறுவிவிட்டார். போல்ஸ்டார்ஃபின் பெயர் இங்கு எல்லா நூற்பட்டியலிலும் உண்டு. படிக்கப்படுவது முன்னுரை என்றே தோன்றுகிறது. களக்குறிப்பேட்டில் ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது, 40 நிமிடம் நுழைய இயலவில்லை’ என்று எழுதியவரே, ஆய்வேட்டை எழுதும்போது அவ்வரியை இரைச்சல் என்று நீக்கிவிடுகிறார்.

நீக்கப்படும் அவ்வரியோடு ஓர் உழைப்பும் நீக்கப்படுகிறது என்பதே இதில் பெரிய குற்றச்சாட்டு. அவ்வுலகம் தொடக்கத்தில் வழங்கிய நடை, வாத்து நடப்பதைப்போன்றது. அதை மாற்றி மனிதரைப்போல் நிற்கவும் நடக்கவும் அமரவும் உதவும் அனிமேஷன் ஓவர்ரைடர் என்ற சிறுகருவியை வசிப்போர் உருவாக்கினர். இன்று அதில்லாமல் நடப்பவர் புதியவர் என்று உடனே அடையாளம் காணப்படுவார். 2007 ஜனவரியில் லிண்டன் லேப் வியூவரின் மூலநிரலைத் திறந்துவிட்டபின், வசிப்போரே மாற்று வியூவர்களை உருவாக்கலாயினர். அவற்றுள் பரவலாகப் பயன்படுத்தப்படும் ஃபயர்ஸ்டார்மைத் தன்னார்வலர்களே உருவாக்கிப் பராமரிக்கின்றனர். உதவிக் குழுக்களும் வகுப்புகளும் அவர்கள் பொறுப்பே. அருகிலிருப்போரைப் பட்டியலிடும் ரேடார், தொலைந்த பொருளைப் பகுதி முழுதும் தேடும் வசதி, கணினியைத் திணறடிக்கும் ஒரு பொருளைத் தன் பார்வையிலிருந்து மட்டும் அகற்றும் வசதி ஆகியவை அங்கு வசிப்பவரின் அன்றாடக் கைக்கருவிகள். இவற்றை ஆக்குவோர் பெரும்பாலும் ஊதியம் பெறுவதில்லை. வசிப்போரின் வாடகையும் கட்டணமும் நிறுவனத்துக்குச் செல்கின்றன. மெய்நிகர் உலகை நிறுவனமொன்றின் ‘புதுமை’ என்று எழுதும் ஒவ்வொரு ஆய்வும் இந்த உழைப்பை மறைப்பதற்குத் துணைபோகிறது.

தன்னார்வம் என்றாலே தூய்மை என்று கருதவும் வேண்டியதில்லை. மிகுந்த செல்வாக்குப் பெற்றிருந்த எமரால்டு என்ற மாற்று வியூவரின் நுழைவுப் பக்கத்தில், அதை விமர்சித்த ஒருவரின் இணையதளத்தைத் தாக்கும் நிரல் மறைத்துவைக்கப்பட்டிருந்தது 2010 ஆகஸ்டில் அம்பலமானது. பயனர்கள் ஒவ்வொருவரும் தம்மையறியாமல் அத்தாக்குதலில் பங்கேற்றிருந்தனர். அவ்வியூவர் தடைசெய்யப்பட்டது; அங்கிருந்து பிரிந்தோர் ஃபீனிக்ஸையும் பின்னர் ஃபயர்ஸ்டார்மையும் ஆக்கினர். கருவியைச் செய்பவர் மீது வைக்கும் நம்பிக்கை எவ்வாறு தோன்றுகிறது, எவ்வாறு முறிகிறது, மறுபடி எவ்வாறு ஈட்டப்படுகிறது என்பதற்கு முழுநீள அத்தியாயம் ஒன்று அங்கு காத்திருக்கிறது.

அதைவிடச் சிக்கலானது 2006 நவம்பரில் நிகழ்ந்தது. லிப்செகண்ட்லைஃப் என்ற திறந்தமூல நிரல்தொகுப்பைச் சார்ந்த குழுவிலிருந்து காப்பிபாட் என்ற கருவி வெளிவந்தது. பிறர் செய்த பொருளையும் தோற்றத்தையும் அவர்தம் இசைவின்றி நகலெடுக்க வல்லது அது. தம் பிழைப்பே போயிற்று என்று கடைக்காரர்கள் கொதித்தனர். பலர் கடைகளை மூடி எதிர்ப்பைத் தெரிவித்தனர். அறிவுசார் சொத்து குறித்த கட்டுரைகள் இந்நிகழ்வைச் சரியாகவே எடுத்தாள்கின்றன. ஆனால் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. அதே நிரல்தொகுப்பு பின்னர் ஓப்பன்மெட்டாவர்ஸ் என்ற பெயரில் வளர்ந்தது. அதன்மேல் கட்டப்பட்ட ராடெகாஸ்ட் என்ற எளிய வியூவர், உலகை எழுத்தாகத் தருவது. அதைப் பேச்சாக வாசிக்கச் செய்ய இயலும் என்பதால் பார்வைத்திறன் குன்றியோர் பலர் அதன்வழியே அங்கு வாழ்கின்றனர். சர்வர் அனுப்பும் தரவை அதிகாரபூர்வ வியூவரின் துணையின்றிப் படிக்கும் ஒரே திறன்தான் ஒருபுறம் களவுக்கும் மறுபுறம் பார்வையற்றவரின் நடமாட்டத்துக்கும் வழிசெய்தது. கருவியின் வயிற்றுக்குள் பார்க்க மறுக்கும் ஆய்வுக்கு இவ்விரண்டும் தொடர்பற்ற இரு செய்திகள்.

கல்வி நிறுவனங்களுக்கே நேர்ந்த இழப்பு இருக்கிறது. அதுபற்றிய மௌனம்தான் வியப்பளிக்கிறது. 2006, 2007ஆம் ஆண்டுகளின் ஆரவாரத்தில் ராய்ட்டர்ஸ் அங்கு செய்தியலுவலகம் திறந்தது. மாலத்தீவும் சுவீடனும் தூதரகம் திறந்தன. உலகெங்கும் பல்கலைக்கழகங்கள் தீவு வாங்கின. முழுப் பகுதியொன்றின் மாதக் கட்டணம் அப்போது 295 டாலர். கல்வி நிறுவனங்களுக்கு அதில் பாதி. 2010 அக்டோபரில், சலுகை 2011 ஜனவரி முதல் நிறுத்தப்படும் என்று லிண்டன் லேப் அறிவித்தது. அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே ஒரு கல்வியாண்டின் பாதிகூட இல்லை. மானியங்களோ ஆண்டுக்கணக்கில் திட்டமிடப்பட்டவை. பல தீவுகள் அழிந்தன. ஓப்பன்சிமுலேட்டர் என்ற திறந்தமூல மாற்றுக்குக் குடிபெயர முயன்றோர், அன்றாடம் வசிப்போர் எப்போதோ அறிந்திருந்த ஓர் உண்மையை அப்போதுதான் எதிர்கொண்டனர். அவ்வுலகில் ஒவ்வொரு பொருளும் நகலெடுக்கலாமா, திருத்தலாமா, பிறருக்குக் கைமாற்றலாமா என்ற மூன்று அனுமதிகளைச் சுமந்திருக்கிறது. ஆக்கியவர் எவரோ அவரே பொருளை வெளியுலகுக்கு எடுத்துச்செல்லலாம் என்பது மாற்று வியூவர்களுக்கு விதிக்கப்பட்ட நெறி. நூலகத்தின் மேசை ஒருவர் செய்தது, சுவர் மற்றொருவர் செய்தது, வகுப்பறையின் திரையை இயக்கும் ஸ்கிரிப்ட் கடையில் வாங்கியது என்றிருந்தால், பல்கலைக்கழகம் பணம் கொடுத்துக் கட்டியதை அதுவே பெயர்த்தெடுக்க முடியாது. 2013இல் சலுகை திரும்ப வந்தது. தீவுகள் திரும்ப வரவில்லை. இன்று மெய்நிகர் வளாகம் அமைக்கத் துடிக்கும் நிறுவனங்களின் திட்ட அறிக்கையில், பொருளின் அனுமதி குறித்து ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

எல்லாவற்றினும் தலையாயது ஆவணத்தின் கதை. லிண்டன் லேப் வழுக்களைப் பதிய ஜிரா என்ற பொதுத்தளத்தைப் பயன்படுத்தியது. எவரும் ஒரு குறையைப் பதியலாம். பிறர் அதற்கு வாக்களிக்கலாம், தம் அனுபவத்தைச் சேர்க்கலாம், தற்காலிகத் தீர்வு சொல்லலாம். ‘இன்வென்டரி’யில் சேமித்த பொருள்கள் காணாமற்போனது, படிக்கட்டில் கால் புதைவது, நண்பர் பட்டியல் பொய் சொல்வது என ஒரு சமூகத்தின் அன்றாடத் துயரங்கள் அத்தனையும் வரிசை எண்ணுடன் அங்கு கிடந்தன. 2007 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வசிப்போர் கையெழுத்திட்டு நிறுவனத்துக்குத் திறந்த மடல் எழுதினர். அதில் அவர்கள் கேட்டது சுதந்திரமோ புதிய அடையாளமோ அன்று. பொருள் தொலையாமல் இருக்க வேண்டும், தேடல் வேலை செய்ய வேண்டும், பணப் பரிமாற்றம் பிழையின்றி நடக்க வேண்டும் என்பவையே. 2012 செப்டம்பரில் நிறுவனம் ஜிராவின் கதவைச் சாத்தியது: ஒருவர் தாம் பதிந்த புகாரை மட்டுமே காணலாம் என்றாயிற்று. பிறர் பதிந்ததைக் காண முடியாதபோது, ஒவ்வொருவரும் தம் துன்பம் தமக்கு மட்டுமே நேர்ந்தது என்று எண்ண வேண்டியதாயிற்று, பொதுக்குறை தனிக்குறையானது. நெடிய எதிர்ப்புக்குப் பின் 2014 தொடக்கத்தில் மீண்டும் திறந்தனர். மெய்நிகர் உலகில் அதிகாரம் எங்கிருக்கிறது என்று ஃபூக்கோவின் துணையோடு தேடுவோர், அந்த மாதங்களை ஒருமுறையேனும் பார்த்திருக்கலாம்.

கணினியியல் துறைகள் இவ்விடத்தை நிரப்பும் என்பதும் வீண் நம்பிக்கை. அங்கு லேக் மில்லிநொடியாக அளக்கப்படுகிறது, வரைபடமாகிறது, குறைக்கப்படுகிறது. அளவு முடிந்தவுடன் ஆய்வும் முடிகிறது. நெரிசலான நடனக்கூடத்தில் ‘ஸ்கிரிப்டுகளைக் கழற்றிவிட்டு வாருங்கள்’ என்று வாசலில் எழுதிவைப்பவரும், கழற்ற மறுப்பவரை வெளியேற்றலாமா என்று கூடிப் பேசுபவர்களும், விலையுயர்ந்த கழுத்தணிதான் எல்லோரையும் மந்தப்படுத்துகிறது என்று தோழியிடம் சொல்லத் தயங்குபவரும் அவ்வரைபடத்தில் இல்லை. பொதுவளத்தை ஆளுக்கு எவ்வளவு நுகரலாம் என்ற பழைய கேள்வி அது. ஊர் ஏரியின் மடையடியில் தலைமுறைகளாகப் பேசப்பட்டது.

மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வாய்மொழித் தேர்வில் கேட்கப்படுவது எந்தக் கோட்பாட்டாளர் என்பதே. எந்த வியூவர், எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எத்தனை முறை இணைப்பு அறுந்தது, இன்வென்டரியில் என்னென்ன இருந்தன என்று எந்தத் தேர்வாளரும் கேட்பதில்லை. கிராமத்தில் களப்பணி செய்தவரிடம் எந்த வீட்டில் தங்கினீர், எந்த மொழியில் பேசினீர் என்று கேட்பதற்கு ஒப்பான கேள்விகள் இவை. அடுத்த பருவத்தில் மெய்நிகர் உலகம் பற்றிய ஆய்வுத் திட்டங்கள் பல துறைகளின் குழுக்கள் முன் வரவிருக்கின்றன. அக்குழுக்களில் அமர்வோர் அத்திட்டங்களின் களப்பணி அட்டவணையைப் புரட்டி, செவ்வாய் மாலைக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும்.